பெரியவன் போட்ட சட்டை

அரியலூரில் ஜபலா சாருக்குத் தெரியாமல் ஒரு குழந்தை பிறந்துவிட முடியாது. டாக்டருக்குத் தெரியாமல் பிறக்கலாம். அப்பனுக்குத் தெரியாமல்கூடப் பிறந்திருக்கிறது. ஆனால் ஜபலா சார் ஒரு கர்ப்பிணியைப் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை பார்த்துவிட்டாரென்றால், நேராக வீட்டுக்கு வந்து துணியை வெட்டி, ஓரம் மடித்து, தைக்க உட்கார்ந்துவிடுவார். தன் பிள்ளைக்கு ஜெயங்கொண்டம் ரோட்டுப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் சட்டை தயாராகத் தொங்குகிறது என்பது அந்தப் பெண்ணுக்கே தெரியாது. யோசித்துப் பார்த்தால் லேசாகப் பயமாக இருக்கும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பயம். ஏனென்றால் அந்த மாடிக்குக் கீழ் வீட்டில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். அப்போது எனக்கு நான்கு மாதம்.

ஜபலா என்பது கைக்குழந்தைக்குப் போடுகிற கையில்லாத சின்னச் சட்டை. சாருடைய சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் இருந்தது. அதைப் படித்துவிட்டு “இது யாரு?” என்று கேட்ட தெருக்காரர்கள் உண்டு.

குடிவந்த முதல் வாரமே அந்தச் சத்தம் கேட்டது. நான் ஆபீஸ் விட்டு வந்து, விளக்கேற்றிவிட்டு, டீயோடு உட்காருகிற நேரம். என் கணவர் திருச்சியில் வேலை முடித்து ரயிலில் வந்து சேர இன்னும் நேரமிருக்கிறது. தலைக்கு மேலே, மாடித் தரையில், சர்ரென்று ஒரு இழுவை. நிற்கிறது. மறுபடி சர்ரென்று ஒரு இழுவை. பிள்ளைகள் நிறைந்த வீட்டில் வளர்ந்த எனக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழந்தை தவழ்கிறது. சுவர் வரைக்கும் போகிறது, திரும்புகிறது, என் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. மேல் வீட்டுக்காரர் ஒண்டிக்கட்டை, தொந்தரவே இருக்காது என்று சொல்லித்தான் எங்களுக்கு வீட்டைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

எதிர்வீட்டு சபியா அக்காவிடம் கேட்டேன். அக்காவுக்கு ஊர் லெப்பைக்குடிக்காடு. வீட்டுக்காரர் துபாயில். தெருவில் நடப்பது அத்தனையும் அக்காவின் ஜன்னல் வழியாகத்தான் நடக்கும்.

“மேல யாரோட கொழந்தைக்கா?”

“கொழந்தையா? அந்த வூட்டுல கொழந்தை ஏதும்மா?”

“தவழுற சத்தம் கேக்குதே.”

அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஒனக்கும் கேக்குதா” என்று மட்டும் சொன்னார். அப்புறம் எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “ஒண்ணும் பண்ணாது தங்கச்சி. ஒனக்கு முன்னாடி இருந்தவங்க ஆறு மாசம் இருந்தாங்க” என்றார்.

ஆறு மாசத்துக்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணிந்து மாடியேறினேன். பாதிப் படியிலேயே வாசனை வந்தது. சாம்பிராணி, வசம்பு, வெயிலில் காய்ந்த பருத்தித் துணி. பிள்ளை பெற்ற வீட்டு வாசனை. பிள்ளை பெறாத வீட்டிலிருந்து அது வந்ததுதான் சிக்கல். கதவு திறந்திருந்தது. சிமெண்ட் லாரித் தூசிக்குப் பயந்து எங்கள் தெருவில் துணியை வெளியே காயப்போட மாட்டார்கள். இவரும் வராந்தாவுக்குள்ளேதான் கொடி கட்டியிருந்தார். கொடியில் சட்டைகள். வெறும் சட்டைகளாக இருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு சட்டைக்குள்ளும் ஒரு உடம்பு இருந்தது. தலையில்லை, கையில்லை. தொப்பை மட்டும் உப்பிக்கொண்டு, வரிசையாக. அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி போனது. வீடு அதிர்ந்தது. காற்றே இல்லாத வராந்தாவில் அத்தனை உடம்பும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின.

“பயப்படாதீங்கம்மா. பிள்ளைங்க காயுது” என்றது ஒரு குரல்.

தரையில் சம்மணம் போட்டு ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. கையில் ஊசி. வாயில் ஒரு துண்டுத் துணியை ஆடு தழை மெல்லுவதுபோல மென்றுகொண்டிருந்தார்.

அதுதான் ஜபலா சார். துணியை வாயிலிருந்து எடுக்காமலே விளக்கம் சொன்னார். பிள்ளை எதைப் போட்டாலும் முதலில் வாயில்தான் வைக்கும். ஆகவே தான் மென்று பார்க்காத துணியைத் தைப்பதில்லை. செந்துறைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பூச்சிமருந்து அடிக்காமல் பருத்தி போடுகிறார். அதைத் தான் வாங்கி நூற்று, ஜெயங்கொண்டம் பக்கத்தில் தெரிந்த தறிக்காரரிடம் நெய்து வாங்குகிறார். சாயம் கிடையாது. வேண்டுமானால் மஞ்சள். பட்டன் கிடையாது, நாடாதான். தையலின் தடித்த பக்கம் வெளியே இருக்கும், வழவழப்பான பக்கம் பிள்ளையின் உடம்போடு இருக்கும். அதனால் சட்டையைப் பார்ப்பவர்களெல்லாம் “உள்பக்கம் வெளிய இருக்கு சார்” என்று அவருக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் அலுக்காமல் “ஆமாங்க, பாக்குறேங்க” என்பார்.

சாருக்கு முந்தைய வேலை ஒரு சிமெண்ட் ஆலையில். சிமெண்ட்டைக் கட்டியாக வார்த்து, மெஷினில் வைத்து நசுக்கி, எந்த அழுத்தத்தில் உடைகிறது என்று பார்க்கிற வேலை. வாழ்நாளில் பாதியை உடைப்பதிலேயே கழித்தவர். ஒருநாள் தங்கை வீட்டுக் குழந்தை சட்டைப் பட்டனைப் பிய்த்து விழுங்கிவிட்டது. மறுநாள் பட்டன் வரவேண்டிய வழியில் வந்துவிட்டது, குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது, வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். சார் மட்டும் மறக்கவில்லை. “சிமெண்ட்ட டெஸ்ட் பண்ணித்தானே வெளிய அனுப்புறோம். சட்டைய யாரு டெஸ்ட் பண்றா?” என்று கேட்டிருக்கிறார். ஆலையில் சிரித்திருக்கிறார்கள். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

இந்தப் பட்டன் கதையில் தெருவுக்குப் பெரிய ஏமாற்றம். கல்யாணம் ஆகாத மனிதர் பகலெல்லாம் குழந்தைச் சட்டை தைத்தால் அதற்குப் பின்னால் ஒரு செத்த காதலியோ செத்த குழந்தையோ இருந்தாக வேண்டும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கதையும் வைத்திருந்தார்கள். அவரிடம் இருந்தது ஒரு பட்டன் மட்டும்தான்.

கொடியில் தொங்கிய உடம்புகள் கேழ்வரகு மூட்டைகள். பிறந்த பிள்ளை, மூன்று மாதப் பிள்ளை, ஆறு மாதப் பிள்ளை என்று அந்தந்த எடைக்குப் பையில் கேழ்வரகை நிரப்பி, சட்டையை மாட்டித் தொங்கவிடுவார். தோள் தையல் தாங்குகிறதா என்று பார்ப்பார். பிறகு இடுப்பில் கயிறு கட்டித் தரையில் இழுப்பார். துணி தேய்கிறதா என்று பார்க்க. நான் கேட்ட சத்தம் அதுதான். ஒருநாள் கேஸ் கொண்டுவந்த பையனை நிறுத்தி, காலி சிலிண்டரை ஒரு ஜபலாவில் கட்டித் தூக்கிக் காட்டினார். சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

“இவ்வளவு ஒழைப்பு எதுக்கு சார்? பிள்ளை ரெண்டு மாசம் போடும், அப்புறம் பத்தாது” என்றேன்.

“அதுக்கப்புறம் தம்பி போடுவான்ல. சித்தப்பா புள்ள போடுவான்ல. அவனுக்குப் பொறக்கிறது போடும்ல” என்றார். சட்டையை ஒரு பரம்பரைச் சொத்தாக அவர் பார்த்தார்.

ஆனால் சட்டை விற்கவில்லை. நம் பக்கத்து வழக்கம்தான் காரணம். பிறக்கப்போகிற பிள்ளைக்கு முன்கூட்டி எதுவும் வாங்க மாட்டார்கள். பிறந்த பிறகும் முதலில் போடுவது புதுத் துணி இல்லை. நன்றாக இருக்கிற வேறொரு பிள்ளை போட்டு மெத்தென்று ஆன பழைய சட்டை. சார் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தார். மூட்டைகளிலேயே பெரிய மூட்டையைத் தேர்ந்தெடுத்து, தான் தைக்கிற தொப்பிகளுக்காக அதற்கு ஒரு தலையும் தைத்து, பெரியவன் என்று பெயர் வைத்தார். எல்லாச் சட்டையையும் முதலில் பெரியவன் போடுவான். துவைத்து, சாம்பிராணிப் புகை காட்டி, மறுபடி போடுவான். மெத்தென்று ஆனதும் கொடுத்துவிடலாம். யாராவது “இது யாரு போட்ட சட்டை?” என்று கேட்டால், “நம்ம பெரியவன் போட்டதுதாங்க” என்று சார் கூசாமல் சொல்லலாம்.

நாளாக ஆக அவர் பேச்சில் பெரியவன் ஒரு ஆளாகவே ஆகிவிட்டான். “பெரியவனுக்கு உடம்பு சரியில்லம்மா” என்பார் கவலையாக. மழையில் கேழ்வரகு ஈரமாகியிருக்கும். “பெரியவன் எளச்சுட்டான்” என்றால் எங்கோ பிரிந்து தானியம் சிந்தியிருக்கிறது. ஒருதரம் என் கையில் கொடுத்து “கொஞ்சம் புடிங்க” என்று உள்ளே போனார். அவர் திரும்பி வந்தபோதுதான் கவனித்தேன்: என் கை தானாக அதை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் ஆட்டவில்லை. எடை ஆட்ட வைத்தது. சட்டென்று நிறுத்தினேன். நிறுத்தியதும் என் வயிற்றுக்குள் இருந்தது ஒரு உதை உதைத்தது. அதுதான் முதல் உதை.

சொட்டு மருந்து கொடுக்கிற நாளில் வந்த நர்ஸம்மா, ஜன்னலோரம் தொப்பியோடு சாய்ந்திருந்த பெரியவனைத் தெருவிலிருந்தே பார்த்துவிட்டார்.

“இவனுக்கு வேணாம் சிஸ்டர்” என்றார் சார் மேலிருந்து.

“இப்படித்தான் எல்லா வூட்லயும் சொல்றீங்க. அஞ்சு வயசுக்குள்ள எந்தப் பிள்ளையா இருந்தாலும் குடுத்துத்தான் ஆவணும்” என்று மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மாடியேறினார். இறங்கி வரும்போது அந்த விறுவிறுப்பு இல்லை. என் வீட்டில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார்.

“தூங்குதுன்னு நெனச்சேன்” என்றார். “தூக்கிட்டேன். மடியில போட்டுட்டேன். வாயத் தேடினேன்.”

சொம்பைக் கீழே வைத்துவிட்டு மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டார். சார் அவரிடம் “மொகம் இன்னும் வெக்கல சிஸ்டர்” என்று சொன்னாராம்.

சாருக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். மறுநாளே பெரியவனுக்கு முகம் வைத்தார். பயமில்லாமல் இருக்கட்டும் என்று, தூங்குகிற பிள்ளையாக, மூடிய இமைகள் இரண்டை வளைவாகக் கறுப்பு நூலில் தைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த துவைப்பில் ஒரு இமையின் நூல் கொஞ்சம் தளர்ந்தது. அன்றிலிருந்து பெரியவன் ஒரு கண்ணை லேசாகத் திறந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சபியா அக்கா அந்தப் பக்கத்து ஜன்னலை மூடிவிட்டார். சபியா அக்கா ஜன்னலை மூடுவது எங்கள் தெரு வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

இந்த நிலைமையில்தான் என் மாமியார் ஆண்டிமடத்திலிருந்து முந்திரிப்பருப்போடு வந்து இறங்கினார். முந்திரிக்காட்டில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர். பாம்பைக் கண்டால் அடிக்கச் செருப்பைக் கழற்றுகிறவர். மேலே ஒருவர் சட்டை தைக்கிறார், பிள்ளைக்கு வாங்கலாம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். அத்தை மாடியேறினார். பின்னாலேயே நானும்.

“இதெல்லாம் யாரு புள்ள போட்டது தம்பி?”

“நம்ம பெரியவன் போட்டதுதாங்கம்மா.”

“எங்க அவன்?”

சார் காட்டினார். அத்தை பயப்படவில்லை. உட்கார்ந்து, பெரியவனை எடுத்து மடியில் போட்டு, கழுத்துக்குக் கீழே கை கொடுத்து, கைதேர்ந்தவராய் ஒரு தட்டுத் தட்டினார். சட்டையைத் தொட்டுப் பார்த்தார். தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். “துணி நல்லாருக்கு. எடையும் சரியா இருக்கு” என்றார். சார் முகம் மலர்ந்தது. அத்தை பெரியவனை அதே பக்குவத்தோடு தரையில் கிடத்திவிட்டு எழுந்தார்.

“ஆனா மூச்சு விடாத பிள்ள போட்ட சட்டைய எம் பேரப்பிள்ளைக்குப் போட மாட்டேன் தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க.”

சார் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதன்பிறகு கொஞ்ச நாள் மாடியிலிருந்து சத்தமே வரவில்லை. அந்த அமைதி இழுவைச் சத்தத்தைவிட மோசமாக இருந்தது. வேறு வீடு பார் என்று அத்தை என் கணவரிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே நாங்கள் பார்க்காமல் இருந்தோம்.

பருத்தி எடுக்கிற சமயம் சார் செந்துறைக்குப் பஸ் ஏறினார். அங்கேயே தங்கி வருவதாகச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தார். அடுத்த நாள் சனிக்கிழமை. மத்தியான வெயில் தெருவைக் காலி பண்ணியிருந்த நேரம். சபியா அக்கா எனக்குப் பிரியாணி கொண்டுவந்திருந்தார். பாத்திரத்தைத் திறந்தோம். தலைக்கு மேலே சர்ரென்று ஒரு இழுவை.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

“வந்துட்டாரா?”

“இல்லக்கா. சாவி எங்கிட்டதான் இருக்கு.”

மறுபடி சர்ரென்று கேட்டது. சுவர் வரைக்கும் போனது. திரும்பியது. எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது.

ஏன் மேலே போனோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கீழே உட்கார்ந்திருப்பது அதைவிட முடியாத காரியமாக இருந்தது. அக்கா வாய்க்குள் ஓதிக்கொண்டே முன்னால் போனார். நான் பூட்டைத் திறந்தேன். நாற்காலியில் போர்வை சுற்றி உட்கார வைத்துவிட்டுப் போன பெரியவன் நாற்காலியில் இல்லை. நடுத் தரையில் குப்புறக் கிடந்தான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகை உயர்த்தினான். ஒரு இழுப்பு இழுத்து எங்கள் பக்கம் வந்தான். நின்றான். இன்னொரு இழுப்பு.

“தங்கச்சி, ஓடாத” என்றார் சபியா அக்கா, மிகத் தெளிவாக. “வயித்துப்புள்ளக்காரி ஓடக் கூடாது. மெதுவா நட.” சொல்லிவிட்டு அவர் ஓடினார். படியில் அவர் செருப்புச் சத்தம் கீழ்வரைக்கும் கேட்டது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பெரியவன் என் பாதத்துக்குக் கிட்டே வந்தான். சட்டையின் அடியிலிருந்து ஒரு மூக்கு வந்தது. மூக்குக்குப் பின்னால் ஒரு முழுப் பெருச்சாளி வந்தது. என்னை நிதானமாகப் பார்த்துவிட்டு, சாக்கடைக் குழாய் வழியாக வெளியே போய்விட்டது. அறை முழுவதும் கேழ்வரகு.

பெருச்சாளிதான். அதைச் சொல்லிச் சொல்லியே மனதைத் தேற்றிக்கொண்டேன். குனிய முடியாமல் குனிந்து பெரியவனை எடுத்தேன். தானியமெல்லாம் போய்த் துவண்டு கிடந்தான். தலையைக் கடித்து வைத்திருந்தது. ஆனால் வயிற்றுப் பக்கம், சட்டைக்கு உள்ளே, வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே படுத்திருந்த பெருச்சாளியின் சூடு என்று தெரியும். தெரிந்தும் என்னால் அவனைக் கீழே போட முடியவில்லை. அந்தச் சூடு ஆறும் வரை கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

சார் வந்ததும் சொன்னோம். வாங்கிப் பார்த்தார். உள்பை சல்லடையாகியிருந்தது. சட்டையில் ஒரு இழை பிரியவில்லை. பெருச்சாளியின் பல்லுக்கே தாங்கியிருக்கிறது. சந்தோஷப்படுவார், தெருவைக் கூட்டிக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் வெறும் சட்டையை மடியில் விரித்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சட்ட தாங்கணும், சட்ட தாங்கணும்னே பாத்துட்டு இருந்துட்டேம்மா” என்றார் கடைசியில். “உள்ள இருக்கிறவன் தாங்கல பாருங்க.”

அவர் கேழ்வரகு மூட்டையைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் என் கை வயிற்றுக்குப் போய்விட்டது.

எட்டாம் மாதம் தொடங்கியவுடனே எனக்கு வலி வந்தது. வர வேண்டிய நேரமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மகள் பிறந்துவிட்டாள். ஒன்றரைக் கிலோகூட இல்லை. அழுகை என்று ஒன்று வந்தது. பூனைக்குட்டி தூரத்தில் கத்துவதுபோல. கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய் விளக்குச் சூட்டில் வைத்தார்கள். நான் கதவோரம் நின்று பார்ப்பேன். மார்பு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்ப்பேன். வேறு எதையும் பார்க்கத் தெரியவில்லை.

சில நாள் கழித்து நர்ஸ் வந்து, இனிமேல் பாப்பாவை என் நெஞ்சோடு அணைத்தே வைத்திருக்க வேண்டும் என்றார். கங்காரு குட்டியை வைத்திருப்பதுபோல. உடம்புச் சூடுதான் மருந்து. “முன்னாடி தெறக்கிற மாதிரி கையில்லாத சட்டை, தொப்பி, கால் உறை. உறுத்தாத துணியா பாருங்க. தோலு பேப்பர் மாதிரி இருக்கு” என்றார். என் கணவர் கடைகடையாக ஏறி இறங்கினார். இருப்பதிலேயே சின்னச் சட்டைக்குள் என் மகள் இரண்டு பேர் போகலாம். ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். அக்குளில் தையல் உரசிச் சிவந்துவிட்டது.

அத்தை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பிறகு சபியா அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அத்தை நேராக மாடிக்குப் போயிருக்கிறார். “தம்பி, இம்புட்டுதான் இருக்கா” என்று கையை விரித்துக் காட்டியிருக்கிறார். அக்காவும் கூடப் போயிருந்தாராம். சார் உடனே எழுந்தார். பல நாள் மென்று வைத்திருந்த துணியை எடுத்து, அத்தையின் கைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அளந்து வெட்டினார். சாயங்காலத்துக்குள் சட்டையும் தொப்பியும் கால் உறையும் தயாராகிவிட்டன.

ஆனால் புதுத் துணி. அத்தைக்கு மனசு ஒப்பவில்லை. இவ்வளவு சின்னப் பிள்ளை போட்ட பழைய சட்டைக்கு எங்கே போவது? எங்கள் குடும்பத்தில் இந்த அளவில் பிறந்தது எதுவும் சட்டை போடுகிற வரைக்கும் இருந்ததில்லை.

சார் ஒரு சின்னப் பையைத் தைத்து, என் மகளின் எடைக்குக் கேழ்வரகு போட்டு, சட்டையை மாட்டினார். “இவன் பெரியவனுக்குத் தம்பி” என்று ஆரம்பித்தவரை அத்தை கையமர்த்தினார்.

“பேரு வெக்காதீங்க தம்பி. குடுங்க.”

அந்த மூட்டையைச் சேலைக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டு அத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார். தொப்பிக்கு உள்ளே முகமில்லை. போகிறவர் வருகிறவர் குனிந்து பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். பிள்ளை இறந்த கிழவி புத்தி பிசகி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அத்தை தட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் தள்ளி, தூணோரம், சார் நின்றுகொண்டே இருந்தார். யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் பதில் சொல்ல. யாரும் கேட்கவில்லை.

நான் மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். “மூச்சு விடாத பிள்ளைன்னு சொன்னீங்களே அத்த.”

“அதான் நான் விடுறேன்ல” என்றார் அத்தை, என் பக்கம் திரும்பாமல். “போதும், போ. போய்ப் படு.”

மறுநாள் நர்ஸ் அந்தச் சட்டையை வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துத்தான் உள்ளே விடுவேன் என்றுவிட்டார். அத்தைக்கு உயிரே போய்விட்டது. தான் ஒரு பகல் முழுக்க மூச்சுவிட்டு ஏற்றியதெல்லாம் தண்ணீரோடு போய்விடுமே என்று. சார் மட்டும் நர்ஸிடம் மிகுந்த மரியாதையோடு, “ரெண்டு தரம்கூடப் போட்டு எடுங்க சிஸ்டர், ஒண்ணும் ஆவாது” என்றார். ஒன்றும் ஆகவில்லை. நர்ஸ் உலர்த்திக் கொண்டுவந்தபோது “என்ன சார், உள்பக்கம் வெளிய இருக்கு” என்றார். “ஆமாங்க, பாக்குறேங்க” என்றார் சார்.

அந்தச் சட்டையோடு மகளை என் நெஞ்சில் வைத்தார்கள். நாட்கணக்கில் நான் அசையாமல் கிடந்தேன். அத்தையும் முறை மாற்றி வைத்துக்கொண்டார். ஒருநாள் நர்ஸ் தராசைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். அதுவரை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் சிரித்து நான் பார்த்திருக்கவில்லை.

அந்தச் சின்ன மூட்டை என்ன ஆனது என்று ரொம்ப நாள் கழித்து அத்தையிடம் கேட்டேன். “பிள்ள எடைக்கு இருந்த தானியம். திங்கவும் மனசு வரல, கொட்டவும் மனசு வரல. கொல்லையில வெதச்சுட்டேன்” என்றார்.

மகளுக்கு இப்போது நாலு வயசு முடியப்போகிறது. சின்னச் சட்டையைச் சபியா அக்கா தன் மகளுடைய பிள்ளைக்கு என்று வாங்கிப் போனார். அங்கிருந்து இன்னும் யார் யார் கைக்கோ போய்விட்டது. வழக்கப்படி அது இப்போது மிக நல்ல பழைய சட்டை. கேட்டு வாங்கிப் போகிறார்கள் என்று கேள்வி.

சார் போன வருஷம் பெரம்பலூருக்குப் போய்விட்டார். தனியாகிவிட்ட தங்கைக்குத் துணையாக. அங்கே மாடி இல்லை. கீழ் வீட்டுக்காரர்கள் யாரும் பயப்பட வழியில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கும் என்று நினைக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவையாவது போன் செய்வார். சௌக்கியமா, சாப்பிட்டீர்களா என்றெல்லாம் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. எடுத்தவுடனே, “பாப்பா எத்தன கிலோம்மா?” என்பார்.

இருப்பதைவிட ஒரு கிலோ கூட்டித்தான் சொல்லுவேன். நான் சொன்னதை அவரும் ஒரு தரம் சொல்லிப் பார்ப்பார். அப்புறம் “சரிங்கம்மா, சரிங்கம்மா” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அந்த இரண்டாவது “சரிங்கம்மா”வைக் கேட்பதற்காகவே அடுத்த மாதமும் ஒரு கிலோ கூட்டிச் சொல்வேன்.